புரை என்று காத்திருந்த கண்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
தீபாவளிக்கு முந்தின வாரம்.

அன்பு மகன் மாரிசெல்வத்துக்கு அம்மா எழுதுவது. அந்த வெளிநாட்டுக் குளிரில் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல், நேரத்துக்கு எதையாவது பொங்கித் தின்றுகொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய்யாகிவிடும். உன் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது மக்கா. இடது கண் போன குளிருக்கே போய்விட்டது. மிச்சமிருக்கிற வலது கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தோம், ஆவணியிலிருந்து அதையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண்ணும் போகுமுன் நீ வரவேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இந்த ஒற்றை அறையில் நான் உன்னோடு பேசுவதில் எது அவர் காதில் விழாமல் போகும்? உனக்குச் சொல்லவே கூடாது என்று உத்தரவு. சத்தியம் செய்யச் சொல்லிக் கையை நீட்டினார், அடுப்பில் பானை இருக்கிறது என்று நான் எழுந்து போய்விட்டேன், ஆகையால் எந்தச் சத்தியத்தையும் மீறவில்லை. பக்கத்து வீட்டு ஜெப்ரியின் பெண்டாட்டி ஸ்வீட்டி இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், மெதுவாகப் படி. போனைக் காட்டி இங்கிலீஷாக மாற்றிப் படிக்காதே, அது என் பேச்சை வேறு யாரோ பேசின மாதிரி ஆக்கிவிடும்.

போன வருஷ மழையில்தான் ஆரம்பம். அப்பா வழக்கம்போல விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போவார், அங்கே ஆபீஸ் போகிறவர்கள் நின்றபடியே தின்பார்கள், உனக்குத் தெரியாததா. அப்படி ஒரு நாள் தட்டில் சாம்பார் ஊற்றுகிறேன் என்று ஒரு ஆளின் கைமேல் ஊற்றிவிட்டார். அந்த ஆள் கத்த, இவர் பதிலுக்குக் கத்த, வீட்டுக்கு வந்து என்னிடம், அவம் தட்டை ஆட்டிட்டாம்ளா என்றார். பிறகு சட்னி தட்டுக்கு வெளியே விழ ஆரம்பித்தது. வாடிக்கை ஆட்களை முகம் பார்த்துத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் பேர் சொன்னார். செம்பூரில் உன் சுரேந்திரன் மாமா ஸ்டேஷன் படியில் எதிரே வந்து சிரித்திருக்கிறான், இவர் பாட்டுக்குக் கடந்து போயிருக்கிறார். என் தம்பிக்கு ரோஷம் மூக்கில்தானே இருக்கிறது, என்னைக் கண்டும் காணாமல் போகிற வீட்டில் எனக்கென்ன வேலை என்று அன்றிலிருந்து வருவதில்லை. நான் அப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். கேட்டால்தானே. கேம்ப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில், இது கண்புரைதான், புரை முத்தட்டும், முத்தாத புரையில் கத்தி வைத்தால் கண் கெட்டுவிடும், அதுவும் மழையில் கண்ணை அறுத்தால் சீழ் கோத்துவிடும், குளிர் வரட்டும் என்று. பக்கத்துச் சந்து ஜெயினுலாப்தீன் பாய்க்கு அப்படித்தான் குளிரில் அறுத்து இன்று ஊசியில் நூல் கோக்கிறார் என்று அவரையே கூட்டிவந்து காட்டினார்கள். பாய்க்கு இருந்தது புரை. இவருக்கு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இவரோ பழுக்க வைத்த பழம் மாதிரி கண்ணைக் காத்துக்கொண்டிருந்தார். இன்னைக்குக் கொஞ்சம் கூடியிருக்குளா, முத்துது போலுக்கு என்று காலையில் எழுந்ததும் திருப்தியாகச் சொல்வார். மங்க மங்க நல்லது என்று நினைத்து ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன்.

மார்கழியில் கோயில் மண்டபத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஆபரேஷனுக்குத் தயாராகக் கைப்பையில் துண்டும் லுங்கியும் எடுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த பையன் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை இருக்கிறது, ஆனால் சும்மா பேருக்குத்தான், உங்கள் பார்வையைக் கெடுத்தது அது இல்லை, உடனே பெரிய இடத்துக்குப் போங்கள் என்றான். சயான் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். டாக்டர் ஒரு மராட்டிப் பெண், உன் வயதுதான் இருக்கும், படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். கண்ணுக்குப் பின்னால் ஒரு திரை இருக்கிறதாம், அதன் நட்டநடுவில் ஒரு சின்ன இடம், முகம் பார்ப்பது, எழுத்துப் படிப்பது, இட்லியில் மயிர் கிடந்தால் கண்டுபிடிப்பது எல்லாம் அந்த இடத்தால்தானாம். அப்பாவுக்கு அந்த இடத்துக்கு அடியில் ரத்தம் கசிந்து, கசிந்தது உறைந்து, தழும்பாகிவிட்டது. சுற்றிலும் தெரியும், நடுவில் மட்டும் தெரியாது. முதலிலேயே வந்திருந்தால் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தியிருக்கலாம், இத்தனை மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். முத்தட்டும்னு இருந்தேம்மா என்று இவர் இந்தியில் சொன்னார். அந்தப் பெண் குனிந்து சீட்டு எழுத ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பங்குனியில் வலது கண்ணிலும் கசிவு ஆரம்பித்தது. இந்தத் தடவை உடனே பிடித்துவிட்டார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி. பயப்படாதே, மரக்கவைத்துத்தான் போடுகிறார்கள். அவர் தானாகவே எழுந்து உள்ளே போனார். மாதா மாதம் போனோம், பார்வை இறங்காமல் நின்றது, வீட்டிலும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, என் சேலை நிறத்தைக் கேலி பண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு நாள் டாக்டர் எங்கள் வீட்டில் முன்னால் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டாள். இவர் இல்லை என்றார். நான்தான் வெயிலுமுத்து தாத்தாவைச் சொன்னேன். உன் அப்பாவின் அப்பா. உப்பளத்தில் வேலை பார்த்தவர், கடைசிக் காலத்தில் ஆள் முகம் தெரியாது, உப்பில் அடித்த வெயில் கண்ணைத் தின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் கோடு இழுத்தாள். உன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டு, நீங்கள் எந்த வீட்டுப் பெண் என்று கேட்டாள். நான் இவருக்கு அக்கா மகள், எனக்கும் வெயிலுமுத்துதான் தாத்தா என்றேன். பேனா அப்படியே நின்றுவிட்டது. எங்களை மாறி மாறிப் பார்த்தாள். நம் பக்கம் உரிமை முறை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கல்யாணம், அவள் தாளில் உன் அப்பாவிடமிருந்து ஒரு கோடும் என்னிடமிருந்து ஒரு கோடும் அதே கிழவருக்குப் போய், இரண்டும் கீழே இறங்கி உன் பெயரில் வந்து சேர்ந்தது.

அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள், எனக்குப் புரிந்த அளவு உனக்கும் சொல்கிறேன். வயதாக ஆக அந்தத் திரைக்கு அடியில் குப்பை சேருமாம், எல்லாருக்கும் கொஞ்சம் சேரும். உடம்புக்குள் கிருமி வந்தால் அடிக்க ஒரு காவல் இருக்கிறதல்லவா, அது இந்தக் குப்பையைப் பார்த்து யாரோ புகுந்துவிட்டான் என்று தடியைத் தூக்குகிறது. போதும் நிறுத்து என்று அதை அடக்கவும் உடம்பிலேயே ஒரு ஏற்பாடு உண்டு. சில குடும்பங்களில் அந்த அடக்குகிற சக்தி பிறவியிலேயே சோப்ளாங்கி. அதனால் வருஷக்கணக்கில் உள்ளே கமுக்கமாக ஒரு அழற்சி கனன்றுகொண்டே இருக்கும், வலிக்காது, சிவக்காது, சொந்த வாட்ச்மேனே குடியிருப்பவனை அடித்துக்கொண்டிருப்பான், நமக்குச் சத்தமே வராது. பிறகு ஒரு நாள் அங்கே புது ரத்தக்குழாய் கண்டபடி முளைத்து ஒழுக ஆரம்பிக்கும். அந்த அழற்சியைத் தூண்டிவிடுவதில் முதல் ஆள் புகை. அப்பா மீசை முளைக்குமுன் பீடி பிடித்தவர். டாக்டர் இன்னொன்றும் சொன்னாள், இதைக் கவனமாகப் படி. பரம்பரையில் இருக்கிறது என்றால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. இருக்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு வருவதில்லை, இல்லாதவர்களுக்கும் வருகிறது, சொந்தத்தில் கட்டினதால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. ரத்தத்தை மாற்ற முடியாது, மற்றதெல்லாம் நம் கையில், புகையை நிறுத்தலாம், முன்னாலேயே பார்க்கலாம், ஒழுகினால் ஊசி போடலாம், உங்கள் மகனிடம் சொல்லிவையுங்கள் என்றாள்.

உன் அப்பா காதில் முதல் பாதிதான் விழுந்தது. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டு, எங்கய்யா எனக்குக் குடுத்தாரு, நான் அவனுக்குக் குடுத்துட்டேன், நம்மகிட்ட அவனுக்குக் குடுக்க இதுதான் இருந்துச்சு போலுக்கு என்றார். அதோடு பீடியை எறிந்தார், அது நல்லது. ஊசியையும் எறிந்தார். ரத்தத்துல வந்தது ஊசிக்குப் போகுமா, சும்மா கெடளா என்கிறார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன், ஒரு வேளை சோறு போடாமலும் பார்த்தேன். அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தச் சொன்னார்கள், சாத்தினேன். அவள் பங்கை அவள் பார்ப்பாள், ஆஸ்பத்திரிப் பங்கை நாம்தானே பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருக்கு உன்னிடம் வெட்கம் மக்கா, வேறொன்றுமில்லை. அப்பன் மகனுக்குக் குருட்டைக் கொடுத்துவிட்டான் என்று நீ நினைப்பாயாம். நெட் சரியில்லை என்று சொல்லி வீடியோவில் வராமல் இருப்பதும் அதனால்தான். நெட்டுக்கு ஒரு கேடும் இல்லை. வியாபாரம் ஜோராகப் போகிறது என்று உன்னிடம் சொல்கிறாரே, சைக்கிளைத் தொட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. நான் இட்லி ஊற்றிக் கொடுக்கிறேன், ஜெப்ரி போகிறபோக்கில் கொண்டுபோய்க் கடையில் கொடுக்கிறான்.

ஊசி போட்ட காலத்திலேயே கண்ணைத் தினம் பார்க்கச் சொல்லி ஒரு கட்டம் போட்ட அட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும், கோடு வளைந்தால், இடையில் அழிந்தால், ஓடிவர வேண்டும். பீரோக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். ஊசியை நிறுத்தின பிறகும் தினம் காபி குடித்துவிட்டு முன்னால் போய் நிற்பார், இடது கண்ணைப் பொத்துவார், எல்லாம் நேராத்தான் இருக்குளா என்பார். நானும் நம்பினேன், ஊசி இல்லாமலும் நிற்கிறதே, சாமி இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஆயுதபூஜைக்கு வீடு துடைத்தபோது அட்டையைக் கழற்றினேன், அவசரத்தில் திருப்பி ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது. பின்பக்கம் வெறும் வெள்ளை. மறுநாள் காலையில் அவர் அதன் முன்னால் நின்று, கண்ணைப் பொத்தி, நிதானமாகப் பார்த்து, எல்லாம் நேராத்தான் இருக்குளா என்றார். எனக்குக் கையில் இருந்த டம்ளர் கனத்துப்போனது. சரி உட்காருங்கள் என்றேன். எவ்வளவு நாளாக அந்த அட்டையைப் பார்க்காமலே எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ தெரியாது. அன்றைக்குத் தனியாக சயானுக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். இன்னும் வெளிச்சம், நிறம், ஆள் அசைவு தெரிகிறது என்றால் அந்தக் கண்ணில் காப்பாற்ற ஏதாவது மிச்சமிருக்கலாம், ஆனால் இப்படியே விட்டால் இடது கண் மாதிரித் தழும்பாகிவிடும், அதற்குப் பிறகு நான் போடும் ஊசி வீண், உடனே கூட்டிவாருங்கள் என்றாள். உடனே என்ற வார்த்தையை மராட்டியிலும் இந்தியிலும் சொன்னாள்.

அன்றே என்னையும் மிஷினில் தாடை வைக்கச் சொன்னாள். எனக்கும் இரண்டு கண்ணிலும் பின்னால் மஞ்சள் பொட்டு பொட்டாக அந்தக் குப்பை தெரிகிறதாம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, கீரை மீன் சாப்பிடு, வருஷா வருஷம் வந்து காட்டு என்றாள். இதை அப்பாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நான் பயப்படவில்லை என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. ராத்திரி மாவு ஆட்டும்போது நினைத்துப் பார்ப்பேன், இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியாமல் போனால் அடுப்பை யார் பற்றவைப்பது என்று. பற்றவைப்பேன், கை பழகியிருக்கிறது. என்னை விடு. உனக்கு இன்னும் வயதிருக்கிறது. போன தீபாவளிக்கு நீ அனுப்பின போட்டோவில் உன் கூட்டாளி பக்கத்தில் நீ கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறாய், பின்னால் புகை தெரிகிறது. குளிருக்காக என்று கதை விடாதே. இரண்டு கோடு உன் பெயரில் வந்து சேருகிறது என்று எழுதினேனே, அதற்கு மேல் நெருப்பையும் நீயே வைத்துக்கொள்ளாதே. இன்றைக்கே எறி. ஐம்பது வயது ஆவதற்குள் கண் டாக்டரிடம் போய் எங்கள் வீட்டில் இப்படி என்று சொல்லிக் காட்ட வேண்டும், கண் மங்கினால் வயசு என்று காத்திருக்கக் கூடாது. சுரேந்திரன் மாமாவுக்கும் போன் போட்டு இதைச் சொல், அவனுக்கும் அதே தாத்தாதான். இவர் அவனைப் பார்க்காமல் போனது திமிரால் இல்லை என்றும் சொல். நான் சொன்னால் உன் புருஷனுக்கு வக்காலத்தா என்பான்.

விசாப் பேப்பர் கைக்கு வந்தபிறகு அடுத்த வருஷம் வருகிறேன் என்று போனில் சொன்னாய். அடுத்த வருஷம் வேண்டாம், மக்கா. அடுத்த வருஷம் வந்தால் உன் குரல்தான் அவரிடம் வந்து சேரும். லீவு கேள், கெஞ்சு, கோபித்துக்கொண்டு கேள், ஒரு வாரம் போதும். என் பேச்சை அவர் கேட்க மாட்டார், நான் அக்கா மகள், சின்ன வயதிலிருந்து அவர் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்குப் பணிந்தால் அவர் மீசை விழுந்துவிடும். நீ வந்து, எனக்குத் தெரியும்ப்பா, நீங்க குடுத்ததுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல, எந்திரிங்க ஊசிக்குப் போவோம் என்று சொல். அதை உன் வாயிலிருந்து கேட்டால் எழுந்திருப்பார். எழுந்திருக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போ, ஆள் பாதியாகத்தான் இருக்கிறார். ஊசி வேலை செய்யுமா என்று என்னைக் கேட்காதே. செய்யாமலும் போகலாம். அப்படியானால் அவர் கடைசியாகப் பார்க்கிற முகம் உன்னுடையதாக இருக்கட்டும், ஆஸ்பத்திரி வார்டுபாய் முகமாக இருக்க வேண்டாம்.

மாரியாத்தா உனக்குத் தீர்க்காயுசும் தெளிந்த பார்வையும் கொடுக்கட்டும், போகிற வழியெல்லாம் உன் கூடவே வரட்டும். ஜெப்ரியும் ஸ்வீட்டியும் விசாரித்தார்கள். ராத்திரி இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டு படுக்காதே, வயிற்றைக் காயப் போடாதே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வந்ததும் வாசல் வெளிச்சத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிற்காதே, உள்ளே வந்து வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி நில். அப்பா உன்னை நேரே பார்க்க மாட்டார். நேரே பார்த்தால் உன் முகம் இருக்கிற இடத்தில் அவருக்கு ஒன்றும் இருக்காது, ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். அதனால் உன் குரல் கேட்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். இத்தனை வருஷம் கழித்து வந்தவனைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாரே என்று மனம் உடைந்து வெளியே போய்விடாதே. பேசாமல், அசையாமல் அங்கேயே நில். அவர் திரும்பியிருக்கிற வரைக்கும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா
மீனாட்சியம்மாள் நயினார்